சாட்சி என்று பெயர் ஒட்டிய பாட்டில்

டேய் தோஸ்த்,

இன்று வேதியியல் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரன் குடுவையில் ஊதா நிறம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எப்போதும் முதல் விசில் என்னுடையது. இன்று வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டேன்.

பள்ளிக் கண்காட்சிக்காக நாம் செய்த சோதனைதான் கண்ணுக்குள் வந்தது. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீரில் நஞ்சான குரோமியத்தைப் பிடித்துக் காட்டுவதாகத் திட்டம். கால்வாய்த் தண்ணீர் பாட்டிலில் ‘குற்றவாளி’ என்று நான் எழுதி ஒட்டினேன். ஒப்பிட்டுக் காட்ட நல்ல தண்ணீர் வேண்டுமே! உங்கள் கிணற்றில் மொண்டு வந்து ‘சாட்சி’ என்று நீ ஒட்டினாய். தெருவில் மற்ற கிணறெல்லாம் உப்பு. பாதித் தெரு உங்கள் வீட்டில்தான் குடம் வைக்கும்.

இரண்டிலும் அமிலம், பிறகு மருந்து; நஞ்சிருந்தால் ஊதாவாகும். குற்றவாளி அசையவில்லை. சாட்சி ஊதாவானது.

“சாட்சியை உள்ள தூக்கிப் போடுங்க, யுவர் ஆனர்” என்றேன். நீ சிரிக்கவில்லை.

அந்த மருந்து குரோமியத்தில் கொடிய வகையை மட்டும்தான் காட்டும், கால்வாயில் இருப்பது இன்னொரு வகையாக இருக்கலாம் என்றார் கெமிஸ்ட்ரி சார். பாட்டில் அழுக்காகவும் இருந்திருக்கலாம், வேலூரில் ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றார். வீடு திரும்பும் வழியில், உன் அம்மா காதில் விழாத தெருமுனையிலேயே நீ நின்றாய்.

“அம்மிகிட்ட இப்ப சொல்லாதடா. இன்னொரு வாட்டி பாத்துட்டு நானே சொல்றேன்.”

அந்த வாரமே, வேலூர் சாலையில் பள்ளிகொண்டா பக்கம், லாரி உன் வண்டியை இடித்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு டம்ளர். குடிக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. கொய்யா மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

இன்று பள்ளி விட்டதும் உன் அம்மியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவும் என் விளையாட்டு என்று துரத்துவார்கள் என நினைத்தேன். அவர்கள் எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“அதான் கடைசியா கேன் தண்ணி வாங்கி வந்து, இத்தக் குடி, இத்தக் குடின்னானா? கெணறு இருக்கற வூட்ல கேன் எதுக்குடான்னு திட்டிட்டேன் பேட்டா.”

குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியைத் திருப்பி அனுப்பினார்கள். நீ வாங்கிய கேனைக் கழுவி, தாமே நீர் இறைத்து நிரப்பி, என்னிடம் கொடுத்தார்கள்.

நாளைக் காலை வேலூர் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன். எத்தனையோ பரீட்சையில் கவலையே படாமல் தப்புத் தப்பாய் எழுதியிருக்கிறேன். நாம் செய்த இந்த ஒன்று தப்பாக இருக்க வேண்டுமென்றுதான், தோஸ்த், முதல் தடவையாக வேண்டிக்கொள்கிறேன்.