வெள்ளை வண்டியில் சிவப்பு எல்

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். அங்கே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். புது வண்டிகளின் வண்ணம் மங்காமலும் கீறல் விழாமலும் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே ஒட்டித் தருவார்களாம். அந்தக் கடையிலிருந்து மெழுகு மணம் வந்தது. பேருந்தும் வந்தது. நான் ஏறவில்லை, கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

“இன்னா தாத்தா, வண்டி எங்க?” என்று கேட்டான், துடைத்துக்கொண்டிருந்தவன்.

“வண்டி இல்லை. வாசனை பார்க்க வந்தேன்.”

“வாசனைக்கெல்லாம் காசு வாங்கறது இல்ல. குந்துங்க.”

உட்கார்ந்தேன். ஒரு வெள்ளை வண்டியின் பானெட்டை அவன் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் வெயிலில் சிலந்திவலை போலக் கோடுகள் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியும் விட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, “தாத்தா கார் வெச்சிருந்தீங்களா?” என்றான். “என் அக்கா வைத்திருந்தாள். நான் துடைத்தேன்” என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ மறைந்து இது ஏழாவது மாசி.

1991 என்று எழுதினாலே நம் ஊர்க்காரர் எவருக்கும் வைகாசியில் இங்கே ஒரு தலைவர் குண்டுவெடித்து இறந்த அந்தத் துயரம்தான் முன்னால் வந்து நிற்கும். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆண்டு என்பது ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நம் வாசலுக்கு வந்து நின்ற உன் வெள்ளை வண்டி. வியாழக்கிழமை என்றே நீ கடைசிவரை சாதித்தாய். பத்தரைக்கு முன்னால் வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் ராகுகாலம் பிறந்துவிடும் என்று தெருமுனையில் நின்று கையை ஆட்டினாயே, நினைவிருக்கிறதா? பத்தரைக்கு ராகுகாலம் வெள்ளிக்கிழமைதான். வியாழன் என்றால் மதியம் ஒன்றரை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனிடம் கிழமை விஷயத்தில் வாதாடி யாரும் வென்றதில்லை. நீ மட்டும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை.

அப்போது உனக்கு ஐம்பத்து நான்கு வயது. அத்தான் போன பிறகு பேருந்து நிலையத்தின் பின்புறம் நீ தொடங்கிய மெஸ் நன்றாகத்தான் நடந்துவந்தது. பிறகு சாலையோரத்தில் வரிசையாகப் புதிய ஓட்டல்கள் முளைத்தன. உன் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் மண்ணூருக்கு அப்பால் வயலை மண் நிரப்பி ஒரு தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் உன் மெஸ்ஸில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, தை பிறந்ததும் தம் ஆட்கள் அனைவருக்கும் மதியச் சாப்பாடு நீயே தர வேண்டும் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார்: தினமும் ஒரு மணிக்குச் சோறு அங்கே இருக்க வேண்டும், தவறினால் காஞ்சிபுரத்து ஓட்டல் ஒன்று காத்திருக்கிறது. அந்த வேலை கிடைக்காவிட்டால் மெஸ்ஸை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்றேன். நீ அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பதில் சொன்னாய்.

“சோத்துக்கு லீவு கிடையாதுடா. டிரைவருக்கு உண்டு. நானே ஓட்டிக்கிறேன்.”

அத்தான் எப்போதோ பதிந்துவைத்து, நீ காத்திருந்து பெற்ற வண்டி அது. ஆனி மாதமே பழகுநர் உரிமம் வாங்கிவிட்டாய். அது ஆறு மாதம் செல்லும், மார்கழியில் முடியும். அதற்குள் நீ ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். கற்றுத் தர எதிர்வீட்டுத் தேவசகாயம் ஒப்புக்கொண்டார். அவர் கல் லாரி ஓட்டியவர். மாலையில்தான் வீடு திரும்புவார். எனக்கு அன்றும் வண்டி ஓட்டத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆகவே வண்டியின் வண்ணத்தையும் தகட்டையும் காக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை நடந்தபோதே தகராறு தொடங்கிவிட்டது. சாயக் குங்குமம் வெள்ளை வண்ணத்தில் ஊறினால் கறை போகாது. எனவே பானெட்டில் ஒரு சிறு காகிதத்துண்டை வைத்து, அதன்மேல் பொட்டு வைக்கச் சொன்னேன். குருக்கள் என்னைப் பார்த்தார். நீ குருக்களைப் பார்த்தாய்.

“டேய், சாமிக்குப் பொட்டு வெக்கிறியா, தபால் ஸ்டாம்பு ஒட்றியா?”

“கற்பூரத் தட்டையும் மேலே வைக்க வேண்டாம். சூடு படும்” என்றேன் குருக்களிடம்.

“இவன் ஒத்தன் போதும் இந்த வண்டிக்கு. கண்ணு கிண்ணு எதுவும் கிட்ட வராது” என்று நீ அவரிடம் சொன்னாய்.

அதன்பின் நான் செய்தவற்றையெல்லாம் நீ சகித்துக்கொண்டாய் என்றுதான் சொல்ல வேண்டும். பந்தல்காரர்களுக்குத் துணி தைக்கும் தையற்காரரிடம் வண்டிக்கு ஓர் உறை தைக்கக் கொடுத்து, உட்புறம் என் பழைய வேட்டிகளை மெத்தென்று வைத்துத் தைக்கச் செய்தேன். வேப்பம்பிசினும் காக்கை எச்சமும் படாதபடி வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்தி நிறுத்த வைத்தேன். ஞாயிறுதோறும் மெழுகு பூசித் துடைத்தேன். தேவசகாயம் தம் வாசலில் பல் துலக்கியபடியே வேடிக்கை பார்ப்பார். “சாரு, கைக்கொயந்தைக்குக்கூட ஒருத்தரும் இவ்ளோ பவுடர் போட மாட்டாங்க” என்பார்.

எல்லாம் அந்த ‘எல்’ விஷயத்தில் வந்து நின்றது. பழகுபவர் ஓட்டும் வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பில் எல் என்ற எழுத்து தெரிய வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் காகிதத்தில் வெட்டிப் பசையால் ஒட்டுவார்கள். பசை வண்ணத்தைத் தின்னும் என்று நான் மறுத்தேன். அட்டையில் சிவப்பு மையால் எழுதி, அட்டையின் பின்புறம் பஞ்சு வைத்து, நூலால் பம்பரில் கட்டினேன். மிகவும் நேர்த்தியாகவே இருந்தது. ஐப்பசி முதல் மழையில் அந்த மை கரைந்து, வெள்ளை வண்டி வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டதுபோல் வீடு திரும்பியது. அன்று சாலையில் ஒரு காவலர் வேறு நிறுத்தி, எல் எங்கே என்று கேட்டாராம். “மயில கரைஞ்சி ஓடிச்சிங்க, பின்னாடி எங்கனா வரும்” என்று தேவசகாயம் சொன்னதாக நீ வந்து சொன்னாய். மழையைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

மழை ஓயட்டும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று உறையைப் போட்டு மூடிவிட்டேன். ஐப்பசி முழுதும் மழை. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. மாலையில் வந்து எட்டிப்பார்க்கும் தேவசகாயத்துக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாய். பொறியாளர் ஒருமுறை ஆளனுப்பி, பொங்கல் கழிந்ததும் சாப்பாடு உறுதிதானே என்று கேட்டார். உறுதி என்று சொல்லி அனுப்பினாய். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். உரிமம் முடிய ஒரு மாதமே இருந்தது. அதை உன்னிடம் சொன்னபோது நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு அப்போது எனக்குப் பொருள் விளங்கவில்லை.

மறுநாள் காலை மழை சற்று விட்டிருந்தது. நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் உறை சரிந்து விழும் ஓசை கேட்டது. பாதி முகத்தில் சோப்புடன் ஓடிவந்தேன். மெஸ் பெயர்ப்பலகைக்கு எழுதிய சிவப்பு எனாமல் டப்பாவைத் திறந்து இடக்கையில் பிடித்திருந்தாய். வலக்கையில் தூரிகை. பானெட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது.

“அக்கா! அது எனாமல்! போகாது!”

“போவக் கூடாதுன்னுதான் எனாமலு.”

“கொஞ்சம் பொறு. மழை நின்றதும்—”

“மழ நிக்கட்டும்னே, சரின்னேன். தரை காயட்டும்னே, அதுக்கும் சரின்னேன். நீ அவுத்து உட்றதுக்குள்ள லைசென்ஸு செத்துப்பூடும், அப்பறம் மெஸ்ஸு செத்துப்பூடும். பெயிண்ட்டக் காப்பாத்தறதுக்கா நான் வண்டி வாங்கினேன்? வண்டி ஓடறதுக்குடா பெயிண்ட்டு அடிச்சிக் குட்த்துகீறான்!”

சொல்லிக்கொண்டே அடிக்கோட்டையும் இழுத்துவிட்டாய். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து விளக்கின்மேல் வழிந்தது. எதிர்வாசலில் தேவசகாயம் பல் துலக்குவதை நிறுத்திவிட்டார். நான் உள்ளே போனேன். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று நீ நினைத்தாயாம்; பிறகு சொன்னாய். நான் மரச்சட்டத்தையும் பென்சிலையும் எடுக்கத்தான் போனேன்.

ஏனென்றால் அக்கா, அந்த எல் கோணலாக இருந்தது. காற்றில் சாய்ந்த கம்பம்போல் நின்றது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. உன் கையிலிருந்து தூரிகையை வாங்கினேன். பின்பக்கம் போய், டிக்கியின் மேல் சட்டத்தை வைத்து, பென்சிலால் கோடிட்டு, இரண்டாவது எல் எழுத்தை நானே எழுதினேன். என் கையாலேயே, நான் மெழுகு பூசிய வண்ணத்தின்மேல். நீ இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாய்.

“நல்லா கீதுடா” என்றாய். அவ்வளவுதான்.

“முன்னால யக்கா, பின்னால சாரு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்” என்றார் தேவசகாயம். அன்று அவர் லாரிக்குப் போகவில்லை. காயாத எனாமலோடு வண்டி கிளம்பியது.

அதற்குப்பின் தினமும் மழையிலேயே கற்றாய். வாசல் தூணில் இடது மட்கார்டைத் தேய்த்தாய். ஏரிக்கரைச் சேற்றில் சக்கரம் புதைந்து, மூவரும் தள்ளினோம். வண்டியைத் துடைக்கும் வேலையை நான் விடவில்லை. ஆனால் நீ சாவியை எடுக்கும் சத்தம் கேட்டதும் துணியை மடித்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மார்கழியில் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குக் காஞ்சிபுரம் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து, பானெட்டின் முன் நின்றுவிட்டார்.

“இன்னாம்மா, எல்லாரும் ஒட்டிக்கினு வருவாங்க. நீ எழுதிக்கினே வந்துட்டியா? பாஸானா எப்டி அழிப்பே?”

“அது என் தம்பியோட கவலை சார். பாஸ் பண்றதுதான் என் கவலை.”

அவர் சிரித்துவிட்டு உன் பக்கத்தில் ஏறினார். மைதானத்தின் ஓரத்தில் நான் நின்றேன். நீ சுற்றி வந்து, பின்னோக்கி எடுத்து, கல்லிலும் கம்பத்திலும் படாமல் கோட்டுக்குள் நிறுத்தினாய். இறங்கி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒரு கீறல் இல்ல. போய்ப் பார்த்துக்கோ” என்றாய். அன்றுதான் முதன்முறையாக நான் போய்ப் பார்க்கவில்லை.

எழுத்துகளை அழிக்க முயன்றேன். முடியவில்லை. மேலே வெள்ளை பூசினேன். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வண்டி உன்னிடம் இருந்த வரையில், வெயில் பட்டால் முன்னால் ஒரு கோணல் எல்லும் பின்னால் ஒரு நேர் எல்லும் இளஞ்சிவப்பாய்த் தெரிந்துகொண்டே இருந்தன.

தை பிறந்தது, பொங்கலும் கழிந்தது. சாப்பாடு கொண்டுபோன முதல் நாள் நான் விடுப்பு எடுத்தேன். அன்னக்கூடைகளை டிக்கியில் ஏற்றினோம். பொரியலும் அப்பளமும் முன்னிருக்கையில் போயின. சாம்பார்த் தூக்கை டிக்கியில் வைக்க நான் விடவில்லை. புளி சிந்தினால் தரைத்தகடு ஓராண்டில் அரித்துப்போகும் என்றேன்.

“அப்ப அத நீயே வெச்சிக்கினு குந்து” என்றாய்.

பின்னிருக்கையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய தூக்கைக் கால்களுக்கு நடுவே வைத்து, இரண்டு முழங்கால்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மண்ணூர்ச் சாலையில் சரளைக்கல் அடிப்புறத்தில் பட்டுத் தெறித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நான் முனகினேன். ஒரு திருப்பத்தில் சாலை முழுதும் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. காய்ந்த தண்டுகள் அடியில் கீறும், நிறுத்து என்றேன். ஓரத்தில் நின்ற பெண்கள், “ஏறிப் போம்மா, நல்லா ஏறிப் போ!” என்று கத்தினார்கள். நீ வேகத்தைக் குறைத்தாய், நிறுத்தவில்லை. சடசடவென்று செடி நொறுங்கியது. வண்டி குலுங்கியது. தூக்கு சாய்ந்தது. குனிந்து அணைத்துக்கொண்டேன். சூடு வேட்டியைத் தாண்டித் தோலில் பட்டது. விடவில்லை.

வேலி தெரிந்தபோது ஒரு மணிச் சங்கு இன்னும் ஊதவில்லை. ஆட்கள் தட்டுகளோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். நீ இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். நான் இறங்கவில்லை. என்னால் காலைப் பிரிக்க முடியவில்லை.

“இன்னாடா, மரத்துப்போச்சா? உடு, உடு. வந்து சேந்துட்டோம்” என்று சொல்லி, என் முழங்காலில் தட்டி, தூக்கை நீயே வாங்கிக்கொண்டாய்.

அதற்கடுத்த மாதமே தச்சரிடம் சொல்லி டிக்கியில் ஒரு சட்டம் செய்துவைத்துவிட்டாய். எனக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் அக்கா, இன்றும் யாருடைய வண்டியிலாவது பின்னிருக்கையில் உட்கார்ந்தால், சாலையில் ஒரு குலுக்கல் வந்ததும் என் இரண்டு முழங்கால்களும் தாமாகவே நெருங்கி, நடுவில் ஒன்றை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கிழவர் பயப்படுகிறார் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டாம், போ என்கிறேன். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டும் சிந்தாது.

உன் தம்பி