முடிச்சுப் போடுகிற கை

ஆடி, இரண்டாம் செவ்வாய். காற்று ஓயவில்லை.

கொச்சியில் முதலாளியின் பாய்ப்படகில் எனக்கு வேலை. பெரிய பாய்க்கும் நுனிப்பாய்க்கும் நடுவே ஸ்டேசெயில் என்று ஒரு சின்னப் பாய் உண்டு. காற்று முற்றினால் அதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதன் கயிற்றை முடிச்சுப் போடக் கூடாது. சட்டென்று விடுகிற மாதிரி கட்டையில் சுற்றித்தான் வைக்க வேண்டும். என் கையோ புளியங்குடி எலுமிச்சை லாரிக்குத் தார்ப்பாய் கட்டிய கை. தானாக முடிச்சுப் போட்டுவிடும். இந்தப் பழக்கம் போகாவிட்டால், மழைக்காலம் முடிந்து லட்சத்தீவு போகும்போது என்னைக் கரையில் விட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மழைக்காலத்தில் படகு ஓடாது என்பதால் ஊருக்கு வந்திருக்கிறேன். பழகிப் பார்க்க இன்று எங்கள் அச்சன்புதூர் வயலில் மூங்கில் நட்டு, கம்பி இழுத்து, பழைய பாயைக் கொக்கியில் மாட்டி ஏற்றினேன். காற்று நிறைந்ததும் மூங்கில் வளைந்தது. கயிற்றை விடப்போனால் முடிச்சு. போட்டது நானேதான். மூங்கில் முறிவதற்குள் பெண்டாட்டி செல்வி அரிவாளால் கயிற்றை வெட்டினாள்.

"எலுமிச்சங்காயா எறங்கி ஓடப்போவுது? இந்தக் கட்டு கட்டுதிய."

"ஏட்டி, ஒனக்குத் தாலி கட்டுனதும் இதே கைதான். அவுந்துச்சா?"

"மூணு முடிச்சுல ரெண்ட ஒங்க அக்கால்லா போட்டா."

சிரித்துவிட்டேன். கயிற்றை ஒட்டுப்போட்டு இருட்டும் வரை பழகினேன். பாதி தடவை சரி, பாதி தடவை முடிச்சு.

நாளைக்கும் பாய் ஏறும். முடிச்சு விழுந்தால் புளியங்கம்பால் கையில் ஒன்று வைப்பதாகச் செல்வி சொல்லியிருக்கிறாள். வைக்கட்டும். கரையில் நின்று படகுக்குக் கை காட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.