மூன்றாம் கவுன்ட்டர்

மகளுக்கு,

நலம். அரசின் புதிய உத்தரவுப்படி, காது கேளாதவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் தனிக் கவுன்ட்டர் திறந்திருக்கிறார்கள். அதில் என்னைப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் சைகை மொழிப் பயிற்சி வேறு. தலைகீழாக நின்று பார்த்தேன், விடவில்லை.

முதல் நாளே பயிற்சி ஆசிரியை கேட்டார்: "வீட்டுல யாருக்காவது காது கேக்காதா சார்?"

"மகளுக்கு. இருபத்தாறு வயசு."

"அப்ப உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குமே! வகுப்புக்கு எதுக்கு வந்தீங்க?"

ஆபீஸ் உத்தரவு என்றேன்.

விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை. வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்; ஆனாலும் வேலை நடக்கிறது.

உன் பஸ் பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க எங்கள் அலுவலகத்துக்கு, என் மூன்றாம் கவுன்ட்டருக்கு, நேரில்தான் வர வேண்டும். என்னிடம் எழுதிக் காட்டுவதற்கென்று வைத்திருப்பாயே ஒரு நோட்டு, அதைக் கொண்டு வராதே.

அப்பா