வாசலை ஒட்டிய குளியலறை

9.6.2003, திங்கள்

வெயில் குறையவே இல்லை. காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து, நாற்றம் தாங்காமல் ஜன்னலெல்லாம் மூடியாயிற்று. அம்மாவின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்து வேலூரில் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. ரிசல்ட் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் திறந்ததும் திறக்காததுமாக டீச்சரம்மா நானே லீவு.

செய்ய வேண்டியது: ரேஷன். போர்வை துவைக்க. பயப்படாமல் இருக்க.

போர்வை துவைத்தேன்.

10, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் நஸ்ரீன் கொடுத்த கம்ப்யூட்டர் கேம் சிடியைப் போட்டேன். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. வீடு கட்டி, ஆள் செய்து, சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தவள், உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இதில் இருக்கும் ஆட்கள் பசித்தால் காட்டிவிடுகிறார்கள். சோறு போட்டால் தீர்ந்தது. யாரும் எதையும் மறைப்பதில்லை. அம்மா அந்தக் கட்டியை எத்தனை மாதம் மறைத்தாள்!

அப்பாவையும் என்னையும் செய்தேன். குளியலறை நம் வீட்டைப்போலவே வாசலை ஒட்டி. தோல் ஷாப் வேலை முடிந்து வரும் அப்பா குளிக்காமல் உள்ளே வரலாமா?

அம்மாவைச் செய்யவில்லை. கவனிக்காமல் விட்டால் இதில் ஆள் செத்துப்போகுமாம், நஸ்ரீன் சொன்னாள். அம்மா பெயரை டைப் அடிக்கக் கை வரவில்லை.

12, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. ஆட்டத்தில் இருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது.

"நம்ம வூடா இது? குளிக்கிற ரூமைக்கூட வாசலாண்டயே வச்சிருக்கே!"

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்பா இருக்காரு, நீ இருக்கே. நான் எங்கடீ?"

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"டாக்டர் உங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டாரா? எனக்குத்தான் சொல்லலையா?"

"ஐயோ, இல்லம்மா! சத்தியமா இல்ல."

"சத்தியம் பண்ணாதேடீ."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டத்தில்கூட செத்துப்போய்விடக் கூடாதே என்றுதான் செய்யவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பண்ணு. என்னையும் பண்ணு."

இதில் புடவை கிடையாது என்றேன்.

"கவுனே போடு. அப்பா பார்த்தா மயக்கம் போட்டுடுவாரு."

13, வெள்ளி

மேகமூட்டம். அப்பா வேலூர் பஸ்ஸுக்கு அவசரப்படுத்துகிறார். அம்மா தலை வாரி, பைபிளைப் பையில் வைத்து, கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள்.

"இன்னாம்மா, இப்பவா?"

"அவளுக்குப் பசிக்கும்டீ. சோறு போட்டுட்டுப் போலாம்."