அரை வேகத்தில் கேட்டவள்

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று சொல்வதைத்தான் நம்ப மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அவசரப்பட்டுக் கீழே தாவாதீர்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டு பாஷையின் கேட்டல் தேர்வில் இரண்டாவது முறையும் கோட்டை விட்டதும், போதும் விட்டுடு, ரெண்டு வருஷத்துல நானே வந்துடறேன் என்றீர்கள். விட மாட்டேன். அதில் தேறினால்தான் உங்களோடு வந்து சேர எனக்கு விசா. அதற்காகத்தானே மத்தியானம் தையல் கடையைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்!

ஏன் தோற்றேன் தெரியுமா? முதல் நாள் ஒன்றும் புரியாமல், பாடத்தில் வரும் பேச்சின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். எட்டு மாதமாக, அந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர்கள் என்றே நினைத்திருந்தேன். தேர்வில் அவர்கள் வாயைத் திறந்ததும் தலை சுற்றியது. போன மாதம்தான் சென்டர் டீச்சரம்மா கண்டுபிடித்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது ஒன்றேகால் வேகம். பாடத்தைப் போனில் ஏற்றி, தையல் மெஷின் கடகடக்கும்போதே கேட்கிறேன். இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு என்று உங்கள் அக்கா கேட்டார். காது என்ன ரிட்டயர் ஆயிடுச்சா அண்ணி என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் கிடங்கிலிருந்து பேசியபோது பின்னால் ஒருவர் கத்தினார். சூப்பர்வைசர் டீ குடிக்கக் கூப்பிடுகிறார் என்றீர்கள். அவர் டீயைப் பற்றிப் பேசவேயில்லை. அந்தக் கையால பெட்டி தூக்க முடியலேன்னா ஊருக்குக் கிளம்பு என்றார். ஒரு சொல் விடாமல் புரிந்தது. நான் முதன்முதலாக முழுசாகப் புரிந்துகொண்ட பேச்சு அதுதான். அதற்குச் சந்தோஷப்படக்கூட விடவில்லை நீங்கள்.

எந்தக் கை? எப்போதிலிருந்து? இரண்டு மாதமாகக் கடிதமே இல்லாமல் வெறும் போன் ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி தேர்வு. தேறுவேன். வந்து, அந்த மனிதரிடம் அவர் பாஷையிலேயே, அவர் வேகத்திலேயே பேசிக்கொள்கிறேன். பேசுவதற்கு எனக்குப் பயிற்சி வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

அதுவரை கனமாக எதையும் தூக்காதீர்கள். இதற்குப் பதிலை உங்கள் கையால் எழுதுங்கள், ஒரு வரி போதும். எழுத முடியாவிட்டால் போனில் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் இனி எனக்குக் கேட்கும்.

உங்கள்
வாயாடி