ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய ‘இல்லை’

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. விண்வெளி நிலையத்தில் உன்கூட மிதக்கிற மூன்று பேருக்கும் காட்டாதே. உன் எச்சிலையும் ரத்தத்தையும் சோதித்துக்கொண்டிருக்கிற டாக்டரிடம் மட்டும் பேசு, அதுவும் கீழே நான் சொல்லியிருக்கிறபடி. இதற்கு முந்தின தாள் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நாங்கள் எல்லோரும் சுகம், நீ சுகமா என்று அதில் இருக்கும். அதைப் பாதிதான் நம்ப வேண்டும். தையல் கடைக்குப் புது மிஷின் வந்தது நிஜம், அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்தது நிஜம், அத்தை இன்னும் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருப்பதும் நிஜம். சுகம் என்ற வார்த்தையில்தான் சந்தேகம். ஆறு மாதமாக வாரம் ஒரு கடிதம் அப்பாவுக்காக எழுதி எழுதி என் கைக்கும் அப்பா வயசாகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே என்று பேனா தானாகவே ஓடுகிறது. மேலே தலைக்குத் தண்ணீர் ஊற்றவே முடியாது என்று நீ நாலு தடவை எழுதிவிட்டாய், அப்பா கேட்பதாயில்லை. அதனால் நடுவில் நானும் புத்திமதி சொன்னால் சின்னவள் பெரியவளுக்குச் சொல்வதா என்று கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. என் பெஞ்சுக்காரிக்கு முதலில் வந்தது, பென்சில் கேட்டாலே தராதவள் இதை மட்டும் தாராளமாகக் கொடுத்தாள். காதுக்குக் கீழே ஆரம்பித்து வலது கன்னம் முழுவதும் ஊதிவிட்டது, வாயைத் திறந்து ஒரு வாய் சோறு போட முடியவில்லை. அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. பிஸ்கட் ஆலையில் பாக்கெட் போடும் பெண்களில் ஒருத்தி தும்மினால் போதும், குல்லாயைக் கழற்ற வைத்து அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொன்னாள் தெரியுமா, பல்வலி. தலையைச் சுற்றித் துணியைக் கட்டி என்னைப் பின் அறையில் படுக்க வைத்து, யார் கேட்டாலும் கடைவாய்ப் பல்லுன்னு சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் பெயர் பேப்பரில் வரும் சமயத்தில் இந்த வீட்டில் நோய் என்ற பேச்சே கூடாதாம். அத்தை என்னை எட்டிப் பார்த்து, ராக்கெட்ல ஏறின பொண்ணுக்கு இல்லாத அலங்காரமெல்லாம் இவளுக்கு இருக்கு என்றாள். ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. இப்போது எனக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகிறேன்.

முந்தாநாள் உங்கள் அலுவலகத்திலிருந்து அந்தப் படிவக்காரம்மா வந்தாள். நீ இறங்கின மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க வருகிறவர்கள் பதினேழு கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுத யாரைக் கூப்பிடுவார்கள்? முத்து முத்தான கையெழுத்து என்று பெயர் வாங்கினதற்குத் தண்டனை. எட்டுக் கேள்வி வரைக்கும் பிரச்சினையில்லை. ஒன்பதாவது, கடந்த இருபத்தைந்து நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், கொப்புளம், வீக்கம் இருந்ததா என்று. படிவக்காரம்மா அப்போது வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றுகொண்டு, இல்லைன்னு போடு என்றார். அப்பா எனக்கு என்று ஆரம்பித்தேன், உனக்கு வந்தது பல்வலி என்றார். வீக்கம்னும் கேட்டிருக்கு என்றேன். சமையலறையிலிருந்து அம்மா, பல்வலி வந்தா வீங்காதா, எழுதுடி என்றாள். பேனா நகரவில்லை. அப்பா குரலைத் தாழ்த்தி, கையெழுத்து நல்லா இருக்குன்னுதானே உன்ன எழுதச் சொன்னேன், நியாயம் பேசவா சொன்னேன் என்றார். எழுதிவிட்டேன் அக்கா. இல்லை என்று அழகாக எழுதினேன், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல். படிவக்காரம்மா வாங்கிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான படிவம் இதுவரைக்கும் எனக்கு வந்ததே இல்ல, பொண்ண நல்லா வளர்த்திருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அவளுக்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தனுப்பினாள்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. நீ கிளம்புவதற்கு முன்னால் இதே மாதிரி ஒரு படிவம் வந்ததே, அதில் இருமல் உண்டா என்ற கேள்விக்கு அவர் உண்டு என்று எழுதினார். துணித்தூசி இருமல், முப்பது வருஷமாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது என்றார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உன்னைப் பார்த்துக் கையசைத்தபோது அவர் வெளியே ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ராக்கெட் போவதைப் பார்த்தார். பஸ் மறைத்ததில் அடிப்பாகத்து நெருப்பை அவர் பார்க்கவேயில்லை. உண்மை எழுதினேன், புகையைக் காட்டினாங்க என்று இன்றைக்கும் சொல்கிறார். இப்போது ஒன்பதாம் கேள்விக்கு ஆமாம் என்று எழுதினால் மூன்று வாரத்துக்குக் கண்ணாடி வழியாகத்தான் உன்னைப் பார்க்கலாமாம், அதற்குள் உன்னை உடம்பு தேற்றும் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம், அங்கே இரண்டு மாதம். அதைக் கேட்டதிலிருந்துதான் அவருக்கு உண்மைமேல் ஆசை விட்டுப்போயிற்று.

ஆனால் குடும்பத்தாருக்கு என்று உங்கள் டாக்டர் எடுத்த வகுப்பில் நான் குறிப்பெடுத்திருக்கிறேன் அக்கா, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மேலே எடை இல்லாமல் இருப்பது, கதிர்வீச்சு, சரியான தூக்கம் இல்லாதது, மாதக்கணக்காக அதே மூன்று முகங்களைப் பார்த்துக்கொண்டு அடைந்து கிடப்பது எல்லாம் சேர்ந்து உடம்பின் காவல்காரர்களை மந்தமாக்கிவிடுமாம். வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறையாமல்கூட இருக்கலாமாம், ஆனால் கிருமியைக் கண்டால் முன்போல எழுந்து ஓடாதாம். அப்பா உடனே, நம்ம கடை ஆளுங்க மாதிரின்னு சொல்லுங்க என்றார், வகுப்பே சிரித்தது. சின்ன வயசில் வந்துபோன அம்மைக் கிருமி போகவே போகாதாம், நரம்போரம் சுருண்டு படுத்துக்கொண்டு காவல் தளர்வதற்காகக் காத்திருக்குமாம். மேலே போன பலருக்கு அந்தப் பழைய கிருமிகள் எழுந்து எச்சிலில் வந்ததைப் பார்த்திருக்கிறார்களாம். கீழே இறங்கின அன்றைக்கே எல்லாம் சரியாகாது, சில வாரம் பிடிக்கலாம் என்றார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதற்கு அப்பா எழுந்து, இடுப்பளவு எத்தனை அங்குலம் குறையும் என்று கேட்டார். உனக்குப் புதுச் சட்டை தைக்கிறாராம். அம்மா அதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, என் வயித்துல பொறந்தவளுக்கு எங்க மூச்சுக்காத்து விஷமாயிடுமா, இவனுங்க படிச்சது அவ்வளவுதான் என்றாள். அந்த மூச்சுக்காற்றுக்காகத்தான் ஆலையில் அத்தனை பேருக்கும் முகமூடி மாட்டிவிடுகிறாள். கேட்டால், அது பிஸ்கட்டு, இது பொண்ணு என்கிறாள்.

எனக்கு வீங்கி இன்றோடு பதினேழு நாள். அப்பா அம்மா இருவருக்குமே சின்ன வயசில் இது வந்ததில்லை என்று அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஒட்டியிருந்தால் இருபத்தைந்து நாள் வரைக்கும் உள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியே தெரிவதற்கு முன்னாலேயே அடுத்தவருக்குப் பரவும், அதனால்தான் அந்தக் கேள்வியில் அந்தக் கணக்கு என்று படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். நீ இன்னும் ஐந்து நாளில் இறங்குகிறாய், மூன்றாம் நாள் நாங்கள் வருகிறோம், எண்ணிப் பார், சரியாக அந்தச் சமயம்தான். உனக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஊசி கிருமியின் முகத்தைக் காவல்காரனுக்குக் காட்டிக் கொடுக்கும், சரி, அவனே அரைத் தூக்கத்தில் இருந்தால் முகம் தெரிந்து என்ன பயன்? இது நானாக யோசித்தது, தப்பாகவும் இருக்கலாம். டாக்டரிடம் எழுந்து கேட்கத் தைரியம் வரவில்லை, இடுப்பளவுக்குப் பிறகு யார் கேட்பார்கள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். படிவத்தில் பொய் என்று தெரிந்தால் நம் வீட்டை ஒரேயடியாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ, அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்களோ என்று பயப்படுகிறேன், கையெழுத்து அவருடையது, எழுத்து என்னுடையது. நீயாகவே டாக்டரிடம், எனக்கு அலுப்பாக இருக்கிறது, வீட்டாரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிடு. பழி உன்மேல் விழும். மேலே போய் வந்ததும் தலைக்கனம் ஏறிடுச்சு என்று அம்மா அழுவாள், அத்தை ஆமாம் போடுவாள். நீ தாங்கிக்கொள். ஆறு மாதம் அந்தரத்தில் இருந்தவளுக்கு இது பெரிசா? அலுப்பு என்றால் டாக்டர் கேட்காமல் போனால் மட்டும் உண்மையைச் சொல், அப்போது என் பெயரையும் சொல்லிக்கொள், பரவாயில்லை. முக்கியமாக அப்பாவைப் பக்கத்தில் விடாதே. சட்டைப்பையில் டேப்பை மறைத்துக்கொண்டு வரப்போகிறார், கழுத்தளவு எடுக்கிறேன் என்று குனிவார், நீ மறுக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

காலையில் அப்பாவின் கடிதத்தை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறவள் நான்தான், இந்தத் தாளையும் அடியில் சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிடுவேன், அங்கே யாரும் படிப்பதில்லை என்று படிவக்காரம்மாவே சொன்னாள். ஆசீர்வாதம் பண்ண எனக்கு வயசு போதாது. அப்பாவின் ஆசீர்வாதம் முந்தின தாளில் மூன்று வரி இருக்கிறது, அதையே எடுத்துக்கொள், அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை, சொல்லும்போது குரல் உடைந்து இரண்டு தடவை நிறுத்தினார். தினமும் உடற்பயிற்சியை விட்டுவிடாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நில், மறந்துவிடாதே.

இப்படிக்கு உன்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. இன்னும் தூங்கலையா என்கிறார், அம்மாவை எழுப்பாமல் அந்தத் தைலத்தை எடுத்துக் கொடு என்கிறார். பேச்சு ஒரு பக்கமாக வருகிறது அக்கா, வாய் சரியாகத் திறக்கவில்லை. எங்கே வலி என்று கேட்டேன். காதுக்குக் கீழே என்கி