காலரை இழுத்துப் போட்ட ஊசி

அல் ஐன்
12.3.2007

அன்புள்ள மருமகன் மணிகண்டனுக்கு,

மாமா எழுதுவது. ஊரில் என் மகள் உமாராணி சுகம், போனில் பேசினாள். துபாய் ஆபீசுக்கு மாறிப் போனபின் நீ ஒரு வரி எழுதவில்லை. போகட்டும்.

என் வலது கை நான்கு மாதமாகக் காதுக்கு மேல் எழவில்லை. பரோட்டா வீச முடியாமல் வெங்காயம் உரிக்கிறேன். கேம்ப் சமையல்கட்டு ஆட்களுக்கு ஹெல்த் கார்டுக்காக டைபாய்டு ஊசி போட்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வரிசை நீளமென்று சட்டையைக் கழற்ற விடவில்லை. "ஜல்தி, காலரை இழு" என்றான் ஊசிக்காரன். புஜத்துச் சதையில் போட வேண்டியதைத் தோள்மூட்டிலேயே குத்திவிட்டான். மருத்துவப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். ஆஸ்பத்திரி டாக்டரும் அதையே எழுதித் தந்தார். கம்பெனியோ நான் அரிசி மூட்டை தூக்கிக் கெடுத்துக்கொண்டதாகச் சொல்கிறது.

நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். வரிசையில் என் பின்னால் நின்றவன் நீ. ஏப்ரல் இரண்டாம் தேதி வந்து பார்த்ததைச் சொல். அது போதும்.

மாமா உடையப்பன்


கராமா, துபாய்
20.3.2007

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

கை விஷயம் வருத்தமாக இருக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்துப் பாருங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். உமாராணிக்கு ஃபேமிலி விசா கேட்டிருந்தேன் அல்லவா, அந்தக் காகிதம் அவர் மேசையில்தான் இருக்கிறது. இந்த வயதில் எதற்கு மாமா வம்பு? டிக்கெட் எடுத்துத் தருகிறார்களாம். கலாஸ், முடிந்தது என்று விட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். கோபிக்க வேண்டாம்.

தங்கள் மருமகன்
மணிகண்டன்


அல் ஐன்
3.4.2007

மணிகண்டனுக்கு,

நேற்று கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ஒரு காகிதம் நீட்டினார். நான் மூட்டையோடு விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக அரபியில் எழுதி, கீழே தமிழில் உன் கையெழுத்து. நீ வராமல் மட்டும் இருந்திருந்தால் பயந்தாங்கொள்ளி என்று விட்டிருப்பேன். இது அருவருப்பு.

உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கவா என்று நீதிபதி கேட்டார். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால் ஜெயில். "வேண்டாம், என் மகளின் புருஷன்" என்றேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. வழக்கு தள்ளுபடியாயிற்று.

மேல்முறையீடு போடுகிறேன். பாத்திரம் கழுவும் கௌஸ் முகம்மது சாட்சிக்கு வருகிறார். "வேலை போனா போவட்டும் அண்ணே, பாத்தத பாத்தேன்னுதான் சொல்வேன்" என்கிறார். அவர் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை.

விசா வந்தால் உமாராணி உன்னிடம் வருவாள். அப்பா கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள். நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல்.

எனக்கு இனி எழுதாதே.

உடையப்பன்